கியூவில் ஒரு பாப்டிஸ்ட் பள்ளி: கோயம்புத்தூரிலிருந்து வந்த கேள்விக்கு விரிவான பதில்

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தைகளில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். கணவருக்கு மெல்போர்னுக்கு வேலை மாற்றம். மகள் இப்போது கோயம்புத்தூரில் ஐந்தாம் வகுப்பு. கணவரின் நண்பர் ஒருவர், கியூ என்ற பகுதியில் இருக்கும் கேரி பாப்டிஸ்ட் கிராமர் பள்ளியைச் சொல்லியிருக்கிறார். அதன் வரலாறு என்ன, வசதிகள் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், "நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை, சரிப்பட்டு வருமா?" என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனதில் உறுத்துவது அந்தக் கடைசி வரிதான் என்று நினைக்கிறேன். அதனால் மைதானக் கணக்கிலிருந்து தொடங்காமல், பள்ளியின் பெயரிலிருந்து தொடங்குகிறேன். அந்தப் பெயரைப் பிரித்துப் பார்த்தாலே பாதிப் பதில் கிடைத்துவிடும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளியில் படித்தவன். மெல்போர்னில் 22 ஆண்டுகள் கணிதம் நடத்தினேன். முதலில் அரசுப் பள்ளி, அப்புறம் கட்டணப் பள்ளிகள். கேரியில் வேலை பார்த்ததில்லை. சனிக்கிழமைப் போட்டிகளுக்கு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போய், எதிரணி ஆசிரியராக எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்றிருக்கிறேன். ஆகவே இதில் எது பதிவில் உள்ள செய்தி, எது என் தொழில் அனுபவம், எது வெறும் என் கருத்து என்பதை ஆங்காங்கே சொல்லிக்கொண்டே போகிறேன்.

"கிராமர்" என்ற சொல் நம் ஊர்க்காரர்களைக் குழப்பும். இலக்கணத்துக்கென்று தனிப் பள்ளி ஒன்றும் இல்லை. பழைய இங்கிலாந்தில் லத்தீன் இலக்கணம் கற்பித்த பள்ளிகளுக்கு அந்தப் பெயர். பிற்பாடு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் நோக்கமுள்ள பள்ளி என்ற பொருளில் ஆஸ்திரேலியாவுக்கும் வந்துவிட்டது. இன்று அது பெயரில் மட்டும்தான் இருக்கிறது.

அடுத்து, இதை "சுயேச்சைப் பகல் பள்ளி" என்று சொல்கிறார்கள். பகல் பள்ளி என்றால் விடுதி கிடையாது, பிள்ளை மாலையில் வீட்டுக்கு வந்துவிடும், அவ்வளவுதான். சுயேச்சை என்பதைத்தான் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் நாம் மிஷன் பள்ளி என்றதும் தமிழ்நாட்டு அரசு உதவி பெறும் பள்ளியை நினைத்துக்கொள்கிறோம். நான் படித்த பள்ளியில் நிர்வாகம் திருச்சபையுடையது, ஆசிரியர் சம்பளம் அரசுடையது. அதனால்தான் என் அப்பாவால் என்னை அங்கே படிக்கவைக்க முடிந்தது. இங்கே அப்படி இல்லை. பள்ளிக்கென்று தனி நிர்வாகக் குழு உண்டு. ஆசிரியரை அமர்த்துவது, கட்டணம் வைப்பது, கட்டடம் கட்டுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. மாநில அரசின் பதிவு வேண்டும், ஆசிரியர்கள் எல்லோரும் மாநிலத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும், மாநிலப் பாடத்திட்டத்தின் தரத்தை எட்ட வேண்டும். மத்திய அரசிடமிருந்து மாணவர் எண்ணிக்கையை ஒட்டி ஒரு தொகையும் வரும். ஆனால் பெற்றோர் சமூகத்தின் வருமானம் கூடக்கூட அந்தத் தொகை குறையும்படி கணக்கு வைத்திருக்கிறார்கள். கியூ போன்ற இடத்தில் உள்ள பள்ளிக்குப் பெரும் பகுதி பணம் பெற்றோர் கையிலிருந்துதான் வர வேண்டும்.

இப்போது "பாப்டிஸ்ட்". கிறிஸ்தவத்துக்குள் இத்தனை பிரிவு எதற்கு என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் இந்த ஒரு பிரிவின் அடிப்படை உங்கள் கேள்விக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. ரோமன் கத்தோலிக்கரும், நம் ஊர் சிஎஸ்ஐ, லுத்தரன் சபையினரும் கைக்குழந்தைக்கே ஞானஸ்நானம் கொடுப்பார்கள். பாப்டிஸ்டுகள் கொடுக்க மாட்டார்கள். வளர்ந்து, யோசித்து, நான் நம்புகிறேன் என்று தன் வாயால் சொல்பவருக்கு மட்டுமே முழுக்கு ஞானஸ்நானம். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் இந்தக் கொள்கைக்காகவே இவர்கள் அடிபட்டார்கள், சிறை சென்றார்கள். அந்த அனுபவத்திலிருந்து இன்னும் இரண்டு பழக்கங்கள் வந்தன. ஒவ்வொரு சபையும் தன்னைத்தானே நடத்திக்கொள்ளும், மேலே பிஷப் கிடையாது. அரசும் சபையும் தனித்தனியாக இருக்க வேண்டும். பெற்ற தாய் தகப்பன்கூடப் பிள்ளைக்கு விசுவாசத்தை ஊட்டிவிட முடியாது என்று நம்புகிறவர்கள் இவர்கள். இது அவர்களுடைய கொள்கை, பதிவில் உள்ளது. இதனால்தான் பாப்டிஸ்ட் பின்னணியுள்ள பள்ளியில் பிற மதப் பிள்ளைக்கு மூச்சுமுட்டாது என்று நான் நினைக்கிறேன். இது என் கருத்து. ஆஸ்திரேலிய மக்கள்தொகையில் தங்களை பாப்டிஸ்ட் என்று சொல்லிக்கொள்பவர்கள் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு. சுமார் 2,500 பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியை அந்தச் சமூகத்துப் பிள்ளைகளை மட்டும் வைத்து நிரப்ப முடியாது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கொள்கைதான் பள்ளி ஏன் இவ்வளவு தாமதமாகப் பிறந்தது என்பதையும் ஓரளவு விளக்குகிறது. மெல்போர்னில் பிரஸ்பிட்டேரியர்களின் ஸ்காட்ச் கல்லூரி 1851இல் வந்துவிட்டது. மெத்தடிஸ்டுகளின் வெஸ்லி கல்லூரி 1866. இயேசு சபையினரின் சேவியர் கல்லூரி 1878. பாப்டிஸ்டுகள் மெல்போர்ன் ஊர் தோன்றிய சில ஆண்டுகளிலேயே, 1843இல், சபை அமைத்தவர்கள்; காலின்ஸ் தெருவில் அவர்கள் கட்டிய ஆலயத்தை இன்றும் பார்க்கலாம். ஆனால் ஆண்பிள்ளைகளுக்கென்று இந்தப் பள்ளியை அவர்கள் திறந்தது 1923இல்தான். அரசுப் பணம் சபைக் காரியங்களுக்கு வரக்கூடாது என்பதில் 19ஆம் நூற்றாண்டு பாப்டிஸ்டுகள் உறுதியாக இருந்தார்கள். 1872இல் மெல்போர்னைத் தலைநகராகக் கொண்ட விக்டோரியா (இன்று ஆஸ்திரேலியாவின் ஒரு மாநிலம்) இலவச, கட்டாய, மதச்சார்பற்ற கல்விச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது அது அவர்கள் மனப்போக்குக்கு ஒத்துப்போனது. எண்ணிக்கையிலும் சிறிய சமூகம், பெரிய பணக்காரர்களும் குறைவு. தாமதத்துக்கு எந்தக் காரணம் எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது கடினம். இரண்டும் சேர்ந்துதான் என்பது என் வாசிப்பு.

1880களில் மெல்போர்னில் நிலத்தின் விலை கண்டபடி ஏறியது. பணக்காரர்கள் கியூ, ஹாதார்ன் பகுதிகளில் மாளிகைகள் கட்டினார்கள். 1890களில் வங்கிகள் விழுந்தன, அந்த வாழ்வும் விழுந்தது. அப்படிப்பட்ட மாளிகைகள் பல பின்னாளில் பள்ளிகளாகவும் மருத்துவமனைகளாகவும் மாறின. பார்க்கர்ஸ் சாலையில் இருந்த "யுராஞ்சலின்" என்ற மாளிகையில்தான் கேரி தொடங்கியது. முதல் ஆண்டு மாணவர்கள் 68 பேர். ஹெரால்ட் ஸ்டீல் முதல் தலைமையாசிரியர். இருபது ஆண்டுகளுக்கு மேல் அவரே நடத்தினார். 1929இல் தொடங்கிய பெரும் பொருளாதார வீழ்ச்சியில் பல சிறிய தனியார் பள்ளிகள் காணாமல் போயின. ஆறேழு வயதுப் பள்ளி ஒன்று அதைத் தாண்டி வந்ததே பெரிய காரியம் என்பேன். பள்ளியின் லத்தீன் வாசகம் "அனிமோ எத் ஃபிதே". துணிவாலும் விசுவாசத்தாலும் என்று பொருள்.

சரி, கேரி யார்? இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகிறேன், ஏனென்றால் உங்கள் மகள் அந்தச் சீருடையைப் போட்டால் இந்தியாவில் மண்ணாகிப்போன ஒரு மனிதரின் பெயரைத்தான் சட்டையில் சுமக்கப்போகிறாள். வில்லியம் கேரி 1761இல் இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். செருப்புத் தைப்பது தொழில். பட்டறையில் உட்கார்ந்தபடியே லத்தீன், கிரேக்கம், எபிரேயம் படித்தவர். தோல் துண்டுகளைச் சேர்த்து உலக உருண்டை செய்து பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லிக்கொடுத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அதைவிட உறுதியான சாட்சி உள்ளது வேறொன்றுக்கு. காகிதங்களை ஒட்டிப் பெரிய உலகப் படம் ஒன்று செய்து, ஒவ்வொரு நாட்டின் மக்கள்தொகை, மதம் முதலிய விவரங்களை அதில் எழுதி, பட்டறைச் சுவரில் மாட்டியிருந்தார். நேரில் பார்த்த நண்பர் ஆண்ட்ரூ ஃபுல்லர் அதை எழுதிவைத்திருக்கிறார். ஒரு கையில் ஊசி, எதிரே சுவரில் உலகம். என் வகுப்பறையில் எந்தப் படத்தை ஒட்டினாலும் அந்தப் பட்டறை எனக்கு ஞாபகம் வரும்.

1793இல் கேரி வங்காளம் வந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி மிஷனரிகளை விரும்பவில்லை, அதனால் சில ஆண்டுகள் அவுரித் தொழிற்சாலை ஒன்றில் மேலாளராக வேலை பார்த்தார். 1800இல் டென்மார்க்காரர்களின் ஆட்சியில் இருந்த செராம்பூருக்கு மாறினார். நம் தரங்கம்பாடியும் அதே டென்மார்க்காரர்கள் கையில் இருந்த ஊர்தான். 1845இல் இரண்டையும் சேர்த்தே ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். செராம்பூரில் கேரி, ஜோஷுவா மார்ஷ்மன், வில்லியம் வார்டு மூவரும் அச்சகமும் பள்ளிகளும் நடத்தினார்கள். எழுத்து வெட்டிக் கொடுத்தவர் பஞ்சானன் கர்மகார் என்ற வங்காளக் கைவினைஞர். அவரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. 1812 மார்ச்சில் அச்சகம் தீப்பிடித்தது. கையெழுத்துப் படிகளும் எழுத்துருக்களும் போயின. மறுபடி வார்த்து எழுந்து, 1813இல் ஜெர்மானிய மிஷனரி ஃபேப்ரீசியஸ் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அங்கே அச்சிட்டார்கள். 1818இல் செராம்பூர் கல்லூரி. இன்றும் மதுரையில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியிலும் சென்னை குருகுலத்திலும் படிக்கும் போதகர்களுக்குப் பட்டம் தருவது செராம்பூர்தான். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் ஒரு ஐயர்வாள் வீட்டுத் திண்ணைச் சுவரில் அந்தப் பட்டம் சட்டம் போட்டுத் தொங்கியது. (எங்கள் பக்கம் புராட்டஸ்டண்டு போதகரை ஐயர் என்போம்.) மெல்போர்னில் டிராமில் போகும்போது கேரி என்ற பெயரைப் பலகையில் முதல்முதலாகப் பார்த்த அன்று எனக்கு அந்தத் திண்ணைதான் கண்ணில் வந்தது.

பள்ளிகளைப் பொறுத்தவரை செராம்பூரில் நடந்த ஒரு விஷயம் முக்கியம். 1800இலேயே ஜோஷுவா மார்ஷ்மனும் மனைவி ஹன்னாவும் ஐரோப்பியப் பிள்ளைகளுக்குக் கட்டணப் பள்ளிகள் தொடங்கினார்கள். அந்த வருமானத்தில்தான் மிஷனின் மற்ற வேலைகள், இலவச வங்காளிப் பள்ளிகள் உட்பட, பெருமளவு நடந்தன. வசதியுள்ளவரிடம் வாங்கி இல்லாதவருக்குச் செலவிடுவது என்ற ஏற்பாடு அது. இன்றைய கட்டணப் பள்ளி எதைப் பார்க்கும்போதும் நான் இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொள்வேன்: உதவித்தொகையில் எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள்? நீங்களும் சேர்க்கை அலுவலரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

கேரியைப் பற்றி மிகையாகச் சொல்லப்படுவதும் உண்டு. உடன்கட்டை ஏறுவதை ஒழித்தவர் அவர் என்று சில பள்ளிப் புத்தகங்களில் படித்திருப்பீர்கள். 1829 ஆணையை வங்காளியில் மொழிபெயர்த்துக் கொடுத்தவர் அவர், அதற்காகப் பல ஆண்டுகள் வாதாடியவர்களில் ஒருவர். ராம்மோகன் ராய் உள்ளிட்ட பலரின் உழைப்பு அதில் இருக்கிறது. அவருடைய மனைவி டாரதி விருப்பமில்லாமல் இந்தியா வந்தவர். வங்காளத்தில் சிறு மகனைப் பறிகொடுத்து, மனநிலை பாதித்து, 1807இல் இறந்தார். பிள்ளைகளுக்கு இந்தப் பகுதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

பள்ளிக்குத் திரும்புகிறேன். 1958இல் கேரி, விக்டோரியாவின் பழைய பெரிய பள்ளிகளின் விளையாட்டுக் கூட்டமைப்பில் சேர்ந்தது. அதில் மொத்தம் 11 பள்ளிகள். அந்தக் கூட்டமைப்பின் பெயரில் "பப்ளிக் ஸ்கூல்" என்று வரும். அரசுப் பள்ளி என்று எடுத்துக்கொண்டுவிடாதீர்கள், பழைய ஆங்கிலேயப் பொருளில் அது நேர் எதிர். 1963 தேர்தலில் பிரதமர் மென்சீஸ், அரசு, தனியார் என்ற வித்தியாசமில்லாமல் எல்லாப் பள்ளிகளுக்கும் அறிவியல் கூடம் கட்டப் பணம் தருவதாக வாக்களித்தார். கியூ அவருடைய தொகுதியான கூயாங்கில்தான் இருந்தது. அங்கிருந்துதான் மத அமைப்புகளின் பள்ளிகளுக்கு மத்திய அரசின் பணம் வரத் தொடங்கியது. இது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று வழக்குப் போட்டார்கள். 1981இல் உயர்நீதிமன்றம் (ஆஸ்திரேலியாவில் அதுதான் நாட்டின் உச்ச நீதிமன்றம்) விரோதமில்லை என்று சொல்லிவிட்டது. ஒரு காலத்தில் அரசுப் பணத்தையே எதிர்த்த சமூகத்தின் பள்ளிக்கும் இன்று அது போகிறது. இந்த விவாதம் இங்கே இன்னும் ஓயவில்லை. விருந்துக்குப் போன இடத்தில்கூடக் கிளம்பும், தயாராக இருங்கள்.

பெண்பிள்ளைகளைப் பெற்றவர் என்பதால் உங்களுக்கு முக்கியமான ஆண்டு 1979. ஜெரார்ட் கிரேமர் தலைமையாசிரியராக இருந்த காலத்தில், அந்த ஆண்டு முதல் பள்ளி முழுமையாக இருபாலர் பள்ளியானது. கியூவில் இது சாதாரண விஷயம் இல்லை. அதே பார்க்கர்ஸ் சாலையில் சேவியர் ஆண்களுக்கு, மெத்தடிஸ்ட் லேடீஸ் கல்லூரி பெண்களுக்கு. சுற்றிலும் ட்ரினிட்டி, ரைட்டன், ஜெனசானோ என்று இன்னும் ஒருபால் பள்ளிகள். அண்ணனும் தங்கையும் ஒரே வாசலில் இறங்கும் கட்டணப் பள்ளி அந்த வட்டாரத்தில் குறைவு. பல குடும்பங்கள் கேரியைத் தேர்ந்தெடுப்பதற்கு மதத்தைவிட இதுதான் காரணம் என்பது பெற்றோரிடம் பேசிப் பேசி நான் தெரிந்துகொண்டது.

பழைய மாணவர்களில் பொதுவாழ்வில் தெரிந்தவர்கள் கோஸ்டெல்லோ சகோதரர்கள். பீட்டர் 1996 முதல் 2007 வரை ஆஸ்திரேலியாவின் நிதியமைச்சர். அண்ணன் டிம் பாப்டிஸ்ட் போதகர், வேர்ல்ட் விஷன் ஆஸ்திரேலியா என்ற தொண்டு நிறுவனத்தை நடத்தியவர். அவர்கள் அப்பா அதே பள்ளியில் ஆசிரியர். கிரிக்கெட் பிடிக்குமானால் இன்னொரு செய்தி. 1954-55 ஆஷஸ் தொடரில் 28 விக்கெட் எடுத்து ஆஸ்திரேலியாவை நடுங்கவைத்த இங்கிலாந்து வேகப்பந்து வீச்சாளர் ஃபிராங்க் டைசன், 1960இல் இங்கேயே குடியேறி கேரியில் ஆசிரியரானார். டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்தவர். அவரிடம் பயிற்சி பெற்ற மாணவர் கிரஹாம் யாலப் 1978-79இல் ஆஸ்திரேலிய அணிக்கே தலைவரானார். எதிரியாக வந்து பந்து போட்டவர், அதே ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டையைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார் என்பது ஆசிரியத் தொழிலில் எனக்கு மிகப் பிடித்த கதைகளில் ஒன்று.

இப்போது வசதிகள். ஒரே வளாகம் என்று நினைக்காதீர்கள், பள்ளி நான்கு இடங்களில் பரந்து கிடக்கிறது. கியூ வளாகம்தான் தலைமை. மூன்று வயது மழலையர் முதல் 12ஆம் வகுப்பு வரை. டான்வேல் என்ற கிழக்குப் புறநகரில் மழலையர் முதல் 6ஆம் வகுப்பு வரை இன்னொரு வளாகம். வீடு பார்க்கும்போது இதை மனதில் வையுங்கள், கியூவில் வாடகை கொடுக்க முடியாத குடும்பங்கள் சிறு பிள்ளைகளை டான்வேலில் சேர்த்துவிட்டு 7ஆம் வகுப்புக்குக் கியூ வருவதுண்டு. கியூவில் 2016இல் திறந்த கற்றலுக்கும் புத்தாக்கத்துக்குமான மையம் என்ற பல மாடிக் கட்டடம் கட்டடக்கலைக்காரர்களிடம் பெயர் வாங்கியது. உள்ளே நீண்ட நடைக்கூடமும் இருபுறமும் அறைகளும் என்ற பழைய அமைப்பு கிடையாது. திறந்த தளங்கள், கண்ணாடித் தடுப்புகள், குழுவாக உட்கார்ந்து வேலை செய்யும் இடங்கள். இத்தகைய கட்டடங்களில் கற்பித்த அனுபவத்தில் சொல்கிறேன்: கலந்து பேசிச் செய்யும் வேலைக்கு அருமை, ஆனால் கவனம் சீக்கிரம் சிதறும் பிள்ளைக்கு ஆரம்பத்தில் சிரமம். உங்கள் மகள் எந்த வகை என்று உங்களுக்குத்தான் தெரியும்.

மூன்றாவது இடம் புல்லீனில், யார்ரா ஆற்றங்கரைச் சமவெளியில் உள்ள விளையாட்டு வளாகம். கியூ போன்ற நெருக்கமான பகுதியில் பள்ளிக்குப் பக்கத்திலேயே இத்தனை மைதானம் கிடைக்காது, அதனால் பேருந்தில் போய்வருவார்கள். நான்காவது டூனலுக். மெல்போர்னிலிருந்து கிழக்கே சுமார் 300 கிலோமீட்டர், கிப்ஸ்லேண்ட் ஏரிகளின் கரையில் பள்ளிக்கென்று ஒரு முகாம். பிள்ளைகள் வகுப்பு வகுப்பாகப் போய்க் கூடாரத்தில் தூங்கி, துடுப்புப் படகு ஓட்டி, தாங்களே சமைத்துச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். அந்த ஏரிகளில் பர்ரனன் என்ற ஒரு வகை டால்பின்கள் வாழ்கின்றன. நம் வீட்டுப் பெண்பிள்ளைகளை முகாமுக்கு அனுப்பப் பெற்றோர் தயங்குவதை 22 ஆண்டும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அனுப்புங்கள். நான் முகாமுக்குக் கூட்டிப்போன ஒரு தமிழ்ப் பெண், முதல் நாள் இரவு கூடாரத்துக்குள் போகவே மாட்டேன் என்று என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். மூன்றாம் நாள் காலை மற்றவர்கள் எழுமுன் அடுப்பு மூட்டி, ஈரச் சட்டையோடு எனக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். கணிதத்தில் அவளுக்கு நான் ஓராண்டில் கொடுக்க முடியாத தைரியம் அந்த மூன்று நாளில் வந்திருந்தது.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம் ஒன்று: சனிக்கிழமை. அந்த 11 பள்ளிகளின் போட்டிகள் சனிக்கிழமைகளில் நடக்கும். நடுநிலை, மேல்நிலை மாணவர்கள் ஏதாவது ஓர் ஆட்டத்தில் சேர்ந்தே ஆக வேண்டும். குளிர்காலக் காலை எட்டு மணிக்கு ஊரின் மறுகோடி மைதானத்தில் இருக்க வேண்டியிருக்கும். அதே சனிக்கிழமை காலையில்தான் அரசின் மொழிப் பள்ளியில் தமிழ் வகுப்பு. விக்டோரியாவில் 12ஆம் வகுப்புத் தேர்வுக்குத் தமிழை ஒரு பாடமாகவே எடுக்கலாம், மொழிப் பாடங்களுக்கு மதிப்பெண் கணக்கில் கூடுதல் சலுகையும் உண்டு. எத்தனையோ பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் வலைப்பந்தா தமிழா என்று நின்று, தமிழை விட்டுவிட்டதைப் பார்த்திருக்கிறேன். தமிழ் வகுப்புக்காக விலக்கோ வேறு நேரமோ தருவார்களா என்பதைச் சேருவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சேர்ந்தபின் கேட்டால் பயிற்சியாளர் முகத்தைப் பார்த்துப் பிள்ளையே வேண்டாம் என்றுவிடும்.

மத விஷயத்தில் அன்றாடம் எப்படி இருக்கும்? இத்தகைய பள்ளிகளில் போதகர் ஒருவர் இருப்பார், வழிபாட்டுக் கூட்டம் இருக்கும், கிறிஸ்தவம் பற்றிய பாடம் இருக்கும், பைபிள் வாசிப்பார்கள். அதில் உட்கார வேண்டும்; அது பள்ளியின் அடையாளம், விலக்கு எதிர்பார்க்க வேண்டாம். நான் வேலை பார்த்த பள்ளிகளில் நெற்றியில் பொட்டோடு வந்த பிள்ளைகளைப் பாட்டுக்குழுவில் கிறிஸ்துமஸ் கீதம் பாடக் கேட்டிருக்கிறேன். மதம் மாறச் சொல்லி யாரையும் யாரும் வற்புறுத்தியதை ஒருமுறையும் கண்டதில்லை. உங்கள் மகள் வீட்டில் விளக்கேற்றுவதைப் பற்றி வகுப்பில் பேசினால், கேட்க ஆள் இருக்கும்.

படிப்பில் இரண்டு வழி: மாநிலத்தின் 12ஆம் வகுப்புச் சான்றிதழான விசிஇ, அல்லது பல நாடுகளில் நடக்கும் சர்வதேசப் பாடத்திட்டமான ஐபி டிப்ளமா. ஐபியில் ஆறு பாடமும் 4,000 வார்த்தைக் கட்டுரையும் உண்டு; எல்லாவற்றிலும் சமமாக ஆர்வமுள்ள பிள்ளைக்குப் பொருந்தும். சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு வைத்து வடிகட்டும் பள்ளி இல்லை இது. ஆனால் இடத்துக்குக் காத்திருப்போர் பட்டியல் உண்டு, 7ஆம் வகுப்பு பெரிய நுழைவாயில். நல்ல கட்டடம் நல்ல மதிப்பெண் தருமா என்று கேட்டால், அதற்கு உறுதியான ஆதாரம் எதையும் என் தொழில் வாழ்க்கையில் பார்க்கவில்லை. கியூ உயர்நிலைப் பள்ளியும், பக்கத்தில் பால்வின் உயர்நிலைப் பள்ளியும் அரசுப் பள்ளிகள். அங்கிருந்தும் பிள்ளைகள் மருத்துவத்துக்குப் போகிறார்கள். மதிப்பெண்ணுக்காக மட்டும் என்றால் இவ்வளவு பணம் செலவழிக்க வேண்டாம் என்றே சொல்வேன்.

பணம்: அந்தக் கூட்டமைப்புப் பள்ளிகளில் மேல்வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 30,000 டாலருக்கு மேல், ஆண்டுதோறும் ஏறும். சீருடை, முகாம், கணினி, இசை வகுப்பு என்று பட்டியலில் வராதவை தனி. "மை ஸ்கூல்" என்ற அரசு இணையதளத்தில் எந்தப் பள்ளியின் பெயரைப் போட்டாலும் கட்டணத்தில் எவ்வளவு, அரசிடமிருந்து எவ்வளவு வருமானம் என்று பைசா வரை காட்டும். பெற்றோரின் பின்னணியைக் காட்டும் குறியீடும் அதிலேயே இருக்கிறது. 1,000 நாட்டின் சராசரி. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, உங்கள் மகளின் வகுப்புத் தோழிகள் விடுமுறைக்கு எங்கே போவார்கள் என்று கொஞ்சம் யோசியுங்கள். பள்ளிக் கட்டணம் கட்டிவிடலாம், அந்த ஒப்பீட்டின் பாரத்தைத் தாங்குவது சில பிள்ளைகளுக்குக் கஷ்டம்.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது மகளையும் கூட்டிப் போங்கள். பள்ளி ஏற்பாடு செய்யும் சுற்றுலா நாளோடு நிறுத்தாமல், சாதாரண வாரநாள் ஒன்றில் மூன்றரை மணிக்குக் கிளென்ஃபெரி சாலையில் 16ஆம் எண் டிராமில் ஏறி உட்காருங்கள். அந்தப் பகுதியின் எல்லாப் பள்ளிச் சீருடைகளும் ஏறும். பிள்ளைகள் ஒருவரோடொருவர் எப்படிப் பேசுகிறார்கள், வயதானவர் ஏறினால் எழுந்து இடம் கொடுக்கிறார்களா என்று பாருங்கள். நான்கைந்து நிறுத்தம் போதும். அப்புறம் சேர்க்கை அலுவலரிடம் மேலே சொன்ன இரண்டு கேள்விகள்: உதவித்தொகையில் எத்தனை பேர், சனிக்கிழமைத் தமிழுக்கு வழி உண்டா. என்ன பதில் சொன்னார்கள் என்று இங்கேயே எழுதுங்கள், மேற்கொண்டு பேசுவோம்.